ருசி பாராத தளிகை

கோயில் மடைப்பள்ளிக்கும் நம் வீட்டுச் சமையலறைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், விறகடுப்பு, பெரிய பாத்திரங்கள், தாராளமான நெய் என்று அடுக்கிக்கொண்டே போவோம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மடைப்பள்ளியில் சமைப்பவர் ருசி பார்ப்பதில்லை.

இறைவன் அமுது செய்யும் முன் அந்த அன்னத்தை மனித நாக்கு தொடக்கூடாது என்பது நியதி. முகர்ந்து பார்ப்பதும் கூடாது என்பர். மூச்சுக் காற்றும் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கும் வழக்கமும் உண்டு. உப்பு சரியாக இருக்கிறதா, புளிப்பு தூக்கலாக இருக்கிறதா என்று ஒரு துளியைக் கையில் விட்டு நக்கிப் பார்க்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கண்ணால் பதம் பார்த்து, காதால் கொதி கேட்டு, பரம்பரையாக வந்த அளவை நம்பிச் சமைக்கிறார்கள். அண்டா அண்டாவாகச் சமைத்தும், பிரசாதம் பெறும் நாம் 'இன்று உப்பு குறைவு' என்று குறை சொல்வது அரிது.

சற்றே எண்ணிப் பார்த்தால், இது சமையல் விதி மட்டும் அன்று என்பது புரியும். சமைப்பவனின் நாக்கு கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. முதலில் இறைவன், அடுத்து கூடியிருப்போர், அதன் பின்பே தான். இந்த வரிசையை நம் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் என்ன நிகழும்? கடந்த மூன்று ஆண்டுகளாக நண்பர்கள் சிலர் கூடிச் செய்துவரும் ஒரு சிறு முயற்சியில் நாங்கள் கண்டதை இந்த இதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுருங்கிப்போன சமையலறைகள்

நம் வயதினரின் வீடுகளில் சமையலறை எப்படி இருக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசுவோம். ஒரு காலத்தில் பத்துப் பேருக்கு வடித்த வெண்கலப் பானை பரணில் ஏறிவிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த ஊர்களிலும் இருக்கிறார்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டில் காலையில் வைத்த குழம்பே இரவுக்கும் போதும். ஒருவர் மட்டும் உள்ள வீட்டிலோ, 'ஒருத்தருக்காக எதற்கு அடுப்பை மூட்டுவது?' என்ற கேள்வியே சமையலை நிறுத்திவிடுகிறது. ஒரு பிடி சாதம், கொஞ்சம் மோர், ஒரு துண்டு ஊறுகாய். இதைச் சிக்கனம் என்றும் பத்தியம் என்றும் நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது தனிமையின் உணவு.

தனித்து உண்பதை நம் முன்னோர் விரும்பவில்லை. அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்ற கருத்தைப் புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் புலவர் பாடியிருக்கிறார். வாசலில் விருந்தினர் இருக்கத் தான் மட்டும் உண்பது, சாவா மருந்தாகவே இருந்தாலும் தகாது என்பது வள்ளுவர் வாக்கின் சாரம். வடலூரில் வள்ளற்பெருமான் 1867-ஆம் ஆண்டில் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் ஆனந்த பஜார் என்னும் இடத்தில், உயர்வு தாழ்வு பாராமல் மகாபிரசாதத்தைப் பகிர்ந்து உண்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய், பக்கத்துக் குடும்பத்தின் புளியோதரையை நாமும் நம் தேங்காய்ச் சாதத்தை அவர்களும் உண்ட நாட்கள் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும்.

இத்தனை பெரிய மரபில் வந்த நாம், முதுமையில் தொலைக்காட்சியின் முன் தனியாக ஒரு தட்டோடு அமர்ந்திருக்கிறோம்.

எட்டு இலைகள்

கும்பகோணத்தில் வசிக்கும் நாங்கள் எட்டுப் பேர். சிலர் என்னுடன் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். சிலர் மாலையில் சார்ங்கபாணி சந்நிதியில் சந்தித்துப் பழகியவர்கள். பிராகாரத்தில் அமர்ந்து தொன்னையில் பிரசாதம் உண்ணும்போது, 'இதை வீட்டில் செய்தால் இந்தச் சுவை வருமா?' என்று யாரோ கேட்டதில் தொடங்கியது இது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டில் கூடுவது என்று முடிவு செய்தோம். அம்மாத முறைக்காரர் ஏதேனும் ஒரு திருத்தலத்துக்குரிய பிரசாதத்தைத் தம் வீட்டில் செய்து, பூஜை அறையில் நிவேதனம் செய்து, எட்டு இலை போட்டுப் பரிமாற வேண்டும்.

சில விதிகளும் வகுத்துக்கொண்டோம். முதல் விதி, சமைப்பவர் ருசி பார்க்கக்கூடாது. இரண்டாவது, இலையில் அமர்ந்திருக்கும்வரை எவரும் குறையோ விமரிசனமோ சொல்லக்கூடாது. கை கழுவிய பிறகே பேச்சு. மூன்றாவது, முக்கியப் பண்டம் ஒன்று, அதற்குத் துணையாக ஒன்று, மோர் அவ்வளவுதான். விருந்து பெரிதானால் போட்டி வந்துவிடும். போட்டி வந்தால் எளியவர் ஒதுங்கிவிடுவார். நான்காவது, செய்த அளவையும் நேர்ந்த விளைவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் பேரேடு எழுதிய கைகள் ஆதலால், நான்காம் விதியை மட்டும் எவரும் மீறியதில்லை!

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். நாங்கள் செய்வது கோயில் பிரசாதம் ஆகாது. அந்தந்தத் தலத்து மடைப்பள்ளியில், அந்தந்தச் சந்நிதியில் நிவேதனமாவதே அத்தலத்தின் பிரசாதம். அதன் வழியைப் பின்பற்றி நம் வீட்டுப் பெருமாளுக்கும் பிள்ளையாருக்கும் நாம் படைப்பது நம் வீட்டு நிவேதனம். இந்தப் பணிவு இருந்தால் முயற்சியில் தவறேதும் இல்லை என்று எங்கள் தெரு வைதிகப் பெரியவரும் கூறினார்.

மந்தாரை இலையும் கல் உப்பும்

முதலில் நாங்கள் எடுத்துக்கொண்டது காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, அதில் மாவை ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது அது. பச்சரிசியும் உளுந்தும் ஏறத்தாழச் சம அளவு. ரவை போல் கொரகொரப்பாக அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்க்க வேண்டும். முறைக்காரரான தம்பதியர் குடலைக்கு எங்கே போவார்கள்? உயரமான டம்ளர்களில் நெய் தடவி, வாழையிலைத் துண்டுகளைச் சுற்றிவைத்து ஊற்றினார்கள். வழக்கமான இட்லிக்குரிய நேரத்தில் இறக்கிப் பார்த்தபோது வெளிப்புறம் வெந்திருந்தது. நடுவே மாவாகவே இருந்தது. மறுபடியும் அடுப்பில் ஏற்றி, தணலைக் குறைத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்த பின்பே இறக்கினார்கள். அன்று நாங்கள் இலையில் அமர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. ஆனால் அந்த மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மணத்தில் பசியோடு காத்திருந்ததே ஒரு சுகம். கனத்த பண்டத்துக்குச் சிறு தணலும் நீண்ட பொறுமையும் வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் முதல் பாடம் பதிவாயிற்று.

அடுத்து மதுரை அழகர்கோயில் தோசை. பச்சரிசியோடு தோல் நீக்காத கறுப்பு உளுந்து. அதையும் கொரகொரப்பாகவே அரைக்க வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை. அடை போல் தடிமனாக ஊற்றி, நெய்யில் நிதானமாக வேகவிட வேண்டும். பல் கட்டியிருந்த நண்பர் ஒருவர் முதலில் தயங்கினார். ஓரத்து மொறுமொறுப்பைப் பிறருக்குத் தந்துவிட்டு, நடுவிலுள்ள மென்மையான பகுதியை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

தில்லைச் சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் மூன்றாவது. சாதத்தில் வறுத்துப் பொடித்த மிளகு சீரகமும் நெய்யும் மட்டுமே. கொத்சுக்கு, பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றலை வறுத்து அரைத்த பொடியைச் சேர்ப்பார்கள். சாதத்தின் காரம் தொண்டையில் தெரியும்; கொத்சின் புளிப்பு நாவில் தெரியும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நிறைவு பெறாது என்பது உண்ணும்போதுதான் விளங்கியது.

இவற்றைச் செய்யச் செய்ய, ருசி பார்க்காமல் சமைப்பதன் நுட்பமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்பட்டது. எடுத்துக்காட்டாக உப்பு. ஒரே கரண்டியால் அளந்தாலும், தூள் உப்பைவிடக் கல் உப்பு எடையில் குறைவாகவே பிடிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதே காரணம். ஆகவே ஒரு வீட்டில் சரியாக இருந்த 'ஒரு கரண்டி' அடுத்த வீட்டில் கரித்தது. அதன் பிறகு உப்பை மட்டும் சிறு தராசில் நிறுத்துப் போடத் தொடங்கினோம். புளியும் அப்படியே; பழைய புளிக்கும் புதுப் புளிக்கும் புளிப்பு மாறுபடும். நாக்கின் துணை இல்லாதபோது, பொருள்களை உற்றுக் கவனிக்கும் பழக்கம் தானாக வருகிறது. பதற்றமின்றி, பேச்சின்றி, முழு மனத்தோடு ஒரு செயலில் ஈடுபடுவதைத் தியானம் என்கிறோம். அடுப்பங்கரையிலும் அது கைகூடும்.

உப்பறியாத பெண்

எங்கள் குழுவில் ஒருவர், எழுபத்தொரு வயது நண்பர். அவருடைய துணைவியார் காலமாகி ஒன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் வெளிநாட்டில். இரு வேளையும் டிபன் கேரியரில் சாப்பாடு வரும். பாதி அப்படியே திரும்பிப் போகும். 'நாக்கில் ருசியே இல்லை சார், வைக்கோலைத் தின்பது போல இருக்கிறது' என்பார். சட்டை தொளதொளவென்று தொங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, 'உடம்பில் நோய் இல்லை. நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்லி அனுப்பினார். அது ஒன்றுதான் அவரால் முடியவில்லை.

முதலில் அவரை விருந்தினராகவே அழைத்து வந்தோம். கடைசி இலையில் அமர்ந்து, பரிமாறியதைத் தொட்டும் தொடாமலும் உண்டுவிட்டு எழுந்துவிடுவார். அவர் முறை வந்தபோது கைகூப்பி மறுத்தார். 'காபி கலக்கக்கூட அவள் என்னை விட்டதில்லை. அரிசியை எத்தனை முறை களைய வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது' என்றார்.

எங்களில் மூத்தவரான எழுபத்தாறு வயது அம்மையார் அப்போது ஒன்றும் வற்புறுத்தவில்லை. 'அண்ணா, நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பெருமாளை மறந்துவிட்டீர்களே' என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது திருநாகேஸ்வரத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயிலை. அன்பர்கள் அறிந்த வரலாறுதான். பூமிதேவி, மார்க்கண்டேய முனிவரின் மகளாகத் துளசி வனத்தில் தோன்றி வளர்ந்தாள். முதியவர் வேடத்தில் வந்து பெருமாள் பெண் கேட்டபோது, 'இவள் சிறு பெண். உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதவள்' என்று முனிவர் தயங்கினார். 'உப்பில்லாமல் சமைத்தாலும் மகிழ்ந்து ஏற்பேன்' என்று வாக்களித்து மணம் புரிந்தார் பெருமாள். ஐப்பசித் திருவோணத்தில் அத்திருக்கல்யாணம் நடைபெறுகிறது. இன்றும் அங்கே நிவேதனங்கள் அனைத்தும் உப்பில்லாமலே தளிகையாகின்றன. உப்பிட்ட பண்டங்களைச் சந்நிதிக்குக் கொண்டு செல்லலாகாது என்பது அங்குள்ள வழக்கம்.

'சமைக்கத் தெரியாது என்று தயங்கிய இடத்தில், தெரிந்த வரைக்கும் போதும் என்று சொன்ன பெருமாள் அவர். உங்களுக்கும் அதையேதான் சொல்வார்' என்றார் அம்மையார்.

அந்த ஞாயிறன்று நண்பரின் வீட்டில் உப்பில்லாப் பொங்கல். அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, நெய்யில் பொரிந்த மிளகும் சீரகமும் இஞ்சியும் சேர்ந்தது. அம்மையார் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து வாயால் வழி சொன்னார். கரண்டியைக் கையால் தொடவில்லை. துணைவியாரின் வெண்கல உருளியை நண்பரே பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். நிவேதனம் ஆயிற்று. எட்டு இலைகளிலும் அவரே பரிமாறினார். இலையில் உப்பு வைக்கும் இடம் காலியாகவே இருந்தது; எவரும் கேட்கவில்லை. உப்பில்லாத முதல் கவளம் வெறுமையாகத் தோன்றியது உண்மை. மூன்றாவது கவளத்தில் பருப்பின் இனிமையும் மிளகின் காரமும் நெய்யின் மணமும் தனித்தனியாகத் தெரிந்தன.

கடைசியாக நண்பர் அமர்ந்தார். முழு இலையையும் உண்டார். கை கழுவிய பின், விதிப்படி பேச்சு தொடங்கும் நேரம். அவர்தான் முதலில் பேசினார். 'எனக்கு நாக்கில் ருசி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தச் சமையலுக்கு என் நாக்கே தேவைப்படவில்லை. அதனால்தான் என்னால் செய்ய முடிந்தது.'

அதன் பிறகு யாரும் வெகுநேரம் பேசவில்லை.

டிபன் கேரியர் இரவுக்கு மட்டும் என்று ஆகி, சில மாதங்களில் அதுவும் நின்றது. பகலில் ஒரு சிறு பாத்திரத்தில் சாதமோ பொங்கலோ செய்து, துளசி இட்டுப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்த பின்பே தாம் உண்கிறார். 'பெருமாளுக்குக் காட்ட வேண்டுமே, அதனால் சமைக்காமல் இருக்க முடியவில்லை' என்கிறார். தமக்காக அடுப்பு மூட்ட அவரால் முடியவில்லை. பெருமாளுக்காகவும் அடுத்த வீட்டாருக்காகவும் முடிந்தது.

கண்ணப்பர் ருசி பார்த்தாரே?

இதைக் கேட்ட அன்பர் ஒருவர், 'கண்ணப்ப நாயனார் ஊனைப் பல்லால் அதுக்கி ருசி பார்த்தன்றோ படைத்தார்? சபரியும் கனிகளைச் சுவைத்துப் பார்த்துத் தந்ததாகச் சொல்கிறார்களே?' என்று வினவினார். நல்ல கேள்வி. கண்ணப்பரும் சபரியும் சுவைத்தது தங்கள் நாவின் இன்பத்துக்காகவா? நல்லதை அவனுக்கு, அல்லாததைத் தவிர்ப்போம் என்ற தவிப்பினால். அவர்களுக்கும் தம் நாக்கு கடைசிதான். அந்த அன்பின் உச்சத்தை எட்டாத நமக்கு, நியதி ஒரு கைப்பிடிச் சுவர் போன்றது. பற்றிக்கொண்டு படி ஏறலாம்.

சமையலில் புதுமை செய்தவர் என்று எண்ணும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் இளையான்குடி மாற நாயனாரின் மனைவியார். வறுமை சூழ்ந்த வீடு, மழை பெய்யும் நள்ளிரவு, வாசலில் சிவனடியார். நாயனார் இருளில் வயலுக்குச் சென்று, பகலில் விதைத்த நெல் முளையை வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை, வீட்டுக் கூரையின் கழிகளை வெட்டித் தருகிறார். கறிக்கு ஏதுமில்லை; குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்துத் தருகிறார். அந்த ஒரே கீரையை அம்மையார் தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளாக ஆக்கினார் என்று பெரியபுராணம் காட்டுகிறது. இல்லாமையிலும் விருந்தினருக்கு ஒரே சுவையைத் திரும்பத் திரும்ப வைக்க அவர் மனம் இடந்தரவில்லை. அடுக்களைத் திறமை என்பது இதுவே.

வீட்டில் சமைத்த எளிய அன்னம் சந்நிதியை எட்டும் என்பதற்குத் திருக்கண்ணபுரமே சாட்சி. முனையதரையர் என்னும் அன்பர் ஒரு நாள் நள்ளிரவில் வீடு திரும்பினார். மனைவி பொங்கல் செய்து வைத்திருந்தார். கோயில் நடை சாத்தியாகிவிட்ட நேரம். இருந்த இடத்திலிருந்தே செளரிராஜப் பெருமாளுக்கு மனத்தால் அதை நிவேதனம் செய்தார். மறுநாள் கதவைத் திறந்தபோது கருவறையில் பொங்கல் மணந்தது என்பது தலவரலாறு. அன்று முதல் இரவுப் பூஜையில் 'முனையதரையன் பொங்கல்' அங்கே நிவேதனமாகிறது. பூட்டிய கதவு வீட்டுப் பொங்கலைத் தடுக்கவில்லை.

நீங்களும் தொடங்கலாம்

எட்டுப் பேர் வேண்டும் என்பதில்லை, மூவர் போதும். இரண்டு தெருவுக்குள் இருப்பவர்களாகப் பார்த்துக்கொண்டால், முழங்கால் வலியோடு மாடிப்படியும் பேருந்தும் ஏற வேண்டியிராது. அளவு எப்போதும் சிறிதாகவே இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக உப்பையும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காக இனிப்பையும் பற்றி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவருக்கு இனிப்புப் பண்டம் ஒரு தேக்கரண்டி மட்டுமே வைப்போம். பிரசாதம் மனம் நிறைவதற்கு, வயிறு நிறைவதற்கு அன்று என்பார் அவர். முடிந்தால் ஓர் இலையைப் புதியவர் ஒருவருக்கென்று எப்போதும் ஒதுக்கி வையுங்கள். அழைக்கக் காத்திருப்பவர் எந்தத் தெருவிலும் இருப்பார்.

முதல் தளிகைக்கு மார்கழி 27-ஆம் நாள், கூடாரவல்லி, மிகவும் உகந்தது. பாவை நோன்பிருந்த ஆயர் சிறுமியர் நோன்பு முடித்து, நெய் முழங்கை வழியே ஓடும்படி பால்சோற்றை ஒருங்கே அமர்ந்து உண்பதை ஆண்டாள் திருப்பாவையில் பாடியிருக்கும் நாள் அது. அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் சமர்ப்பிப்பதாக அவள் நேர்ந்துகொண்டதையும், பின்னாளில் ஸ்ரீராமாநுஜர் அதை நிறைவேற்றி வைத்ததால் ஆண்டாளுக்கு அண்ணன் ஆனதையும் அன்பர்கள் அறிவீர்கள்.

எட்டு இலைகளுக்கு எங்கள் நோட்டுப் புத்தகத்து அளவு இது: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், பால் 1½ லிட்டர், வெல்லம் 400 கிராம், நெய் 150 கிராம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம். அரிசியையும் பருப்பையும் சிறிது நெய்யில் வறுத்து, கொதிக்கும் பாலில் இட்டு, சிறு தணலில் கிளறிக்கொண்டே குழைய வேகவிட வேண்டும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். அரிசி பாலை முழுதும் உண்ட பிறகு, அடுப்பைத் தணித்தே வெல்லப்பாகைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்துபோகும். நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுச் சுருள வந்ததும், வறுத்த முந்திரி, திராட்சையையும் ஏலத்தையும் கற்பூரத்தையும் சேர்த்து இறக்கலாம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒருவரே நின்று கிளற முடியாது; முறை வைத்துக் கிளறுங்கள். அதற்காகவே நண்பர்களைச் சற்று முன்னதாக வரச் சொல்லலாம்.

கிளறும்போது கரண்டியின் நுனியில் ஒட்டியிருப்பதைச் சுவைக்க மனம் தூண்டும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கேற்றி, துளசி இட்டு, கண்மூடி ஒரு கணம் நில்லுங்கள். பின்பு இலைகளைப் போட்டு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசி இலையில் நீங்கள் அமருங்கள்.